இணையவழிக் கோப்புகளின் பயணம்

நுழையும்முன்

தேர்வு முடிவு வெளியானவுடன் மதிப்பெண் சான்றிதழைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்கிறோம். விண்ணப்பத்தில் நாம் ஏற்றிய ஒளிப்படம், நுழைவுச்சீட்டில் அச்சாகி நம்மிடமே திரும்பி வருகிறது. எழுத்தும் எண்ணும் மட்டுமன்றிப் படம், ஒலி, காணொலி, ஆவணம் ஆகிய அனைத்தையும் ஒரு கணினி மற்றொரு கணினிக்கு எவ்வாறு அனுப்புகிறது? வந்தது எத்தகைய கோப்பு என்பதைப் பெறும் கணினி எவ்வாறு அறிகிறது? ஜாவா மொழியில் அமைந்த இணையச் சேவையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வினாக்களுக்கு விடை காண்கிறது இப்பாடம்.

சிற்றூரில் வாழும் மாணவி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கல்லூரி விண்ணப்பத்திற்கு அன்றுதான் கடைசி நாள். அவர் பேருந்தேறி அருகிலுள்ள கணினி மையத்திற்குச் சென்று, சான்றிதழை இறக்குவதற்கான பொத்தானை அழுத்துகிறார். திரையில் சான்றிதழ் தோன்றவில்லை. கேள்விக்குறிகளும் கட்டங்களும் பொருளற்ற எழுத்துகளும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. “கோப்பு கெட்டுப்போயிருக்கிறது” என்கிறார் மையத்தில் இருப்பவர். மாணவி செய்வதறியாது நிற்கிறார்.

உண்மையில் அந்தக் கோப்பு கெடவில்லை. அதன் ஒவ்வொரு பைட்டும் ஒழுங்காகவே வந்து சேர்ந்திருக்கிறது. ‘இது பிடிஎஃப் ஆவணம்’ என்று சொல்லவேண்டிய சேவையகம், ‘இது வெறும் எழுத்துரை’ என்று சொல்லிவிட்டது. அதனை நம்பிய உலாவியும் எழுத்தாகவே படித்துக் காட்டிவிட்டது. நிரலில் ஒரு வரி பிழையானதால், உழைத்துப் பெற்ற சான்றிதழ் ஒருவருக்குக் கைக்கெட்டாமல் போயிற்று. இத்தகைய பிழை நேராமல் காப்பது எவ்வாறு என்பதை அறிய, முதலில் கோப்பின் இயல்பை அறிதல் வேண்டும்.

எல்லாம் எண்களே

கணினி கையாள்வன எண்களே. 0, 1 ஆகியவற்றுள் ஒன்றைக் குறிப்பது பிட். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஒரு பைட் 0 முதல் 255 வரையுள்ள 256 மதிப்புகளுள் ஒன்றைக் குறிக்கும். எந்தக் கோப்பும் இத்தகைய பைட்டுகளின் வரிசையே ஆகும்.

‘த’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இவ்வெழுத்து 224, 174, 164 என்னும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. இதே மூன்று எண்கள் சுருக்கப்படாத படக்கோப்பு ஒன்றில் வந்தால், ஒரு புள்ளியில் உள்ள சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களின் அளவைக் குறிக்கக்கூடும். ஒலிக்கோப்பில் வந்தால் ஒலியலையின் உயரத்தைக் குறிக்கக்கூடும். எண்கள் மாறவில்லை, படிக்கும் முறை மாறியவுடன் பொருள் மாறிவிடுகிறது. ஆகவே, பைட்டுகளை மட்டும் அனுப்பினால் போதாது. அவற்றை எவ்வாறு படிக்கவேண்டும் என்பதையும் சேர்த்து அனுப்புதல் வேண்டும்.

கோப்புகள் பலவற்றின் தொடக்கத்தில் அவற்றின் வகையைக் காட்டும் அடையாளம் உண்டு. பிஎன்ஜி படம் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்னும் எட்டு பைட்டுகளுடன் தொடங்கும். ஜேபெக் படத்தின் முதலிரு பைட்டுகள் 255, 216 என்பன. பிடிஎஃப் ஆவணம், விழுக்காட்டுக் குறியையும் அதனையடுத்துத் தன் பெயரைக் குறிக்கும் மூன்று உரோமன் எழுத்துகளையும் கொண்டு தொடங்கும்.

‘இவ்வடையாளங்களைக் கொண்டே உலாவி வகையை அறியலாகாதா?’ என்னும் வினா எழலாம். எல்லாக் கோப்புகளுக்கும் இத்தகைய அடையாளம் இல்லை. எழுத்துரைக் கோப்புக்கும் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட பட்டியல் கோப்புக்கும் தொடக்க அடையாளம் என்று ஒன்றில்லை. மேலும், பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் ஜிப் கோப்பும், இக்கால வேர்டு ஆவணமும், எக்செல் விரிதாளும் ஒரே அடையாளத்துடன்தான் தொடங்குகின்றன. பின்னவை இரண்டும் ஜிப் முறையில் கட்டப்பட்டவையே. எனவே, அனுப்புபவர் வகையை வெளிப்படையாகச் சொல்வதே முறையாகும்.

வகைப்பெயர் வந்த வரலாறு

தொடக்ககால மின்னஞ்சல், ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் சில குறிகளையும் மட்டுமே சுமக்க வல்லதாக இருந்தது. பிறமொழி எழுத்துகளையோ படத்தையோ ஒலியையோ அனுப்புவதற்குப் பொதுவான வழி இருக்கவில்லை. இக்குறையைப் போக்க நத்தானியல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் ஆகிய இருவரும் ‘மைம்’ என்னும் விதிமுறையை வகுத்தனர். 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன், இம்முறையில் ஒரு படத்தையும் பாடல் ஒலிப்பதிவையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பினார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவ்விதிமுறை ஆவணமாக வெளியாயிற்று.

மின்னஞ்சலுக்கென வகுக்கப்பட்ட இவ்வழக்கத்தை உலகளாவிய வலையும் ஏற்றுக்கொண்டது. இன்று உலாவி ஒரு கோரிக்கையை அனுப்பினால், சேவையகம் தரும் மறுமொழி இரு பகுதிகளாக வருகிறது. முதற்பகுதியில் தலைப்பு வரிகள் இருக்கும். இரண்டாம் பகுதியில் கோப்பின் பைட்டுகள் இருக்கும். ‘உள்ளடக்க வகை’ என்னும் தலைப்பு வரியில் கோப்பின் வகைப்பெயர் எழுதப்படுகிறது. இவ்வகைப்பெயரை ஊடக வகை என்பர்.

ஊடக வகை இரு சொற்களால் ஆனது. முதற்சொல் பெரும்பிரிவையும் இரண்டாம் சொல் அதன் உட்பிரிவையும் குறிக்கும். இடையில் ஒரு சாய்கோடு இடப்படும். நிரலில் இவை உரோமன் எழுத்துகளில் எழுதப்படும். அவற்றின் ஒலிப்பு வருமாறு:

• இமேஜ்/ஜேபெக் – ஒளிப்படங்கள்
• இமேஜ்/பிஎன்ஜி – கோட்டுப்படங்கள், திரைப்பிடிப்புகள்
• அப்ளிகேஷன்/பிடிஎஃப் – அச்சுக்குரிய ஆவணங்கள்
• டெக்ஸ்ட்/சிஎஸ்வி – காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட பட்டியல்கள்
• ஆடியோ/எம்பெக் – ஒலிப்பதிவுகள்
• வீடியோ/எம்பி4 – காணொலிகள்
• அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம் – வகை அறியப்படாத பைட்டுகள்

இறுதியில் உள்ள பெயர், ‘இன்னது என்று எனக்குத் தெரியாது’ என்னும் ஒப்புதலைப் போன்றது. இதனைப் பெற்ற உலாவி, கோப்பைத் திறந்து காட்ட முற்படாமல் சேமிக்கும். தவறான வகையைச் சொல்வதைவிடத் தெரியாது என்று சொல்வது மேலானது.

ஜாவா இணையச் சேவை

ஜாவா 1995ஆம் ஆண்டில் வெளியான நிரல்மொழி. ஜேம்ஸ் கோஸ்லிங் தலைமையிலான குழுவினர் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் இதனை உருவாக்கினர். இம்மொழியில் இணையச் சேவை எழுதுவதற்கு ‘ஜாக்ஸ்-ஆர்எஸ்’ என்னும் பொதுவிதிமுறை உள்ளது. இப்போது அது ஜகார்த்தா என்னும் பெயர் தாங்கிய தொகுப்பின் ஒரு பகுதியாக விளங்குகிறது. இவ்விதிமுறையைப் பின்பற்றி அமைந்த கருவிகளுள் ஜெர்சி ஒன்றாகும்.

ஒரு பள்ளிக்கு இணையச் சேவை ஒன்றை அமைப்பதாகக் கொள்வோம். அது மூன்று பணிகளைச் செய்யவேண்டும். மாணவரின் ஒளிப்படத்தைத் தரவேண்டும். மதிப்பெண் சான்றிதழைப் பிடிஎஃப் ஆவணமாகத் தரவேண்டும். வகுப்பின் பெயர்ப்பட்டியலைத் தரவேண்டும்.

ஜாவாவில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு செயற்கூறு எழுதுவர். செயற்கூற்றின் தலைமேல் ‘@’ என்னும் குறியுடன் தொடங்கும் குறிப்புரைகள் இடம்பெறும். ஒளிப்படத்திற்கான செயற்கூற்றில் மூன்று குறிப்புரைகள் வேண்டும். முதலாவது ‘கெட்’, இச்செயற்கூறு கோப்பைப் பெற விரும்பும் கோரிக்கைக்கு உரியது என்பதை இது காட்டும். இரண்டாவது ‘பாத்’, எந்த முகவரிக்கு வரும் கோரிக்கையை இது ஏற்கும் என்பதைக் காட்டும். மாணவரின் பதிவெண் இம்முகவரியில் இடம்பெறும். மூன்றாவது ‘புரொட்யூசஸ்’; இச்செயற்கூறு தரும் ஊடக வகை எது என்பதை அறிவிக்கும். மாணவியின் சான்றிதழ் பொருளற்ற எழுத்துகளாகத் தோன்றியது இம்மூன்றாவது குறிப்புரை பிழைபட்டதால் எனலாம்.

செயற்கூற்றின் உடற்பகுதி பின்வரும் ஒழுங்கில் அமையும்:

1. பதிவெண்ணைக் கொண்டு கோப்பைத் தேடுதல்.
2. கேட்பவர் அதனைப் பெற உரிமையுடையவரா எனச் சரிபார்த்தல்.
3. ‘ரெஸ்பான்ஸ்’ என்னும் மறுமொழிப் பொருளை உருவாக்கி, அதனுள் கோப்பை வைத்தல்.
4. வகை, நீளம், பெயர் ஆகிய தலைப்பு வரிகளைச் சேர்த்தல்.
5. மறுமொழியைத் திருப்பி அனுப்புதல்.

கோப்பைப் பைட் அணியாகவோ, கோப்புப் பொருளாகவோ, உள்ளீட்டு ஓடையாகவோ மறுமொழியில் வைக்கலாம். இம்மூன்றையும் பைட்டுகளாக்கி அனுப்பும் எழுத்தர் போன்ற பகுதிகள் ஜாக்ஸ்-ஆர்எஸ் கருவியிலேயே அமைந்துள்ளன.

சேவை தரும் கோப்புகள் எப்போதும் ஒரே வகையாக இரா. ஒரு மாணவர் ஜேபெக் படத்தையும் மற்றொருவர் பிஎன்ஜி படத்தையும் ஏற்றியிருக்கலாம். அந்நிலையில் வகையைக் குறிப்புரையில் நிலையாக எழுதாமல், மறுமொழியை உருவாக்கும்போது சேர்க்கவேண்டும். கோப்பின் வகையை ஊகித்துச் சொல்லும் செயற்கூறு ஒன்று ஜாவாவில் உண்டு. எனினும், அது பெயரின் பின்னொட்டைப் பார்த்தே சொல்லக்கூடும். சில வேளைகளில் விடையே தராமலும் போகலாம். எனவே, படத்தை ஏற்றும்போதே தொடக்க பைட்டுகளைச் சோதித்து, அறிந்த வகையைத் தரவுத்தளத்தில் பதிந்து வைத்தல் நன்று.

எழுத்து வேறு, பைட் வேறு

புதிதாக நிரல் எழுதுவோர் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. படத்தின் பைட்டுகளை ‘ஸ்ட்ரிங்’ எனப்படும் எழுத்துச் சரமாக மாற்றி அனுப்புவதே அப்பிழை. சரம் எழுத்துகளுக்கு உரியது. யூடிஎஃப்-8 விதிப்படி எல்லா பைட்டும் ஓர் எழுத்தின் தொடக்கமாக இருக்க இயலாது. பிஎன்ஜி படத்தின் முதல் பைட்டாகிய 137 அத்தகையது. இவ்விதிக்குள் அடங்காத பைட்டைக் கண்டவுடன் ஜாவா அதனை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் மாற்றுக்குறி ஒன்றை வைக்கிறது. அக்குறியை மீண்டும் பைட்டுகளாக்கினால் 239, 191, 189 என மூன்று எண்கள் கிடைக்கும். 137 இருந்த இடத்தில் வேறு மூன்று எண்கள் அமர்ந்துவிட்டன. இழந்த எண்ணை எவராலும் மீட்க இயலாது. முன்னர்க் கண்ட வகைப்பெயர்ப் பிழையைச் சேவையகத்தில் ஒரு வரியைத் திருத்திச் சரிசெய்யலாம். அனுப்பிய கோப்பு நலமாகவே இருக்கும். இப்பிழையிலோ சென்று சேர்ந்த கோப்பே அழிந்துவிடுகிறது.

பெயரும் படமும் ஒரே மறுமொழியில் செல்லவேண்டிய நேரங்களும் உண்டு. ஜேசன் என்னும் எழுத்து வடிவில் அம்மறுமொழி அமையுமானால், படத்தையும் எழுத்தாக்கித்தான் வைக்கவேண்டும். அதற்கென ‘பேஸ்64’ என்னும் குறியாக்கம் உள்ளது. இது மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக மாற்றும். 26 பெரிய எழுத்துகள், 26 சிறிய எழுத்துகள், 10 எண்கள், 2 குறிகள் என 64 வடிவங்களை மட்டுமே இது பயன்படுத்துவதால் எதுவும் இழக்கப்படுவதில்லை. ஆயினும், அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும்; 300 கிலோபைட் படம் 400 கிலோபைட் ஆகும். இணைய வேகம் குறைந்த ஊர்களில் இந்த மிகையும் சுமையே. எனவே, படத்தைத் தனி முகவரியில் பைட்டுகளாகவே தந்து, ஜேசன் மறுமொழியில் அம்முகவரியை மட்டும் குறிப்பிடுவது சிறந்தது.

தெரிந்து தெளிவோம்

பிஎன்ஜி படத்தின் முதல் எட்டு பைட்டுகள் காரணத்துடன் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஏழு பிட்டுகளை மட்டுமே கடத்தும் பழைய இணைப்பில் சென்றால் 137 என்னும் எண் சிதைந்து பிழையைக் காட்டிக்கொடுக்கும். 80, 78, 71 ஆகியவை அவ்வடிவத்தின் பெயரெழுத்துகள். 13, 10 என்பன வரி முடிவைக் குறிப்பன. கோப்பை எழுத்துரை என்று கருதி இடையிலுள்ள மென்பொருள் வரி முடிவை மாற்றியிருந்தால், இவ்விரு எண்களும் மாறி அதனை வெளிப்படுத்தும். 26 என்னும் எண், பழைய டாஸ் இயங்குதளத்தில் கோப்பை எழுத்தாகக் காட்ட முயலும்போது அக்காட்சியை அங்கேயே நிறுத்தும்.

சிறிய கோப்பும் பெரிய கோப்பும்

கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிப் பைட் அணியாக அனுப்புவது எளிய வழி. சிறிய ஒளிப்படத்திற்கு இது பொருந்தும். தேர்வு முடிவு வெளியாகும் நாளை எண்ணிப் பாருங்கள். ஒரு சான்றிதழ் 5 மெகாபைட் எனவும், 200 பேர் ஒரே நேரத்தில் கேட்பதாகவும் கொண்டால், 1000 மெகாபைட் நினைவகம் தேவைப்படும். நினைவகம் போதாதபோது சேவை நின்றுவிடும். அந்நாளில் காத்திருக்கும் அனைவரும் ஒருசேரப் பாதிக்கப்படுவர்.

இதற்குத் தீர்வு ஓடை முறையாகும். கிணற்றுநீர் முழுவதையும் ஒரே நேரத்தில் எவரும் இறைப்பதில்லை. குடம் குடமாக இறைக்கிறோம். அதுபோலக் கோப்பிலிருந்து 8 கிலோபைட் அளவிலான பகுதியைப் படித்து அனுப்பி, அதே இடத்தில் அடுத்த பகுதியைப் படிக்கலாம். 200 பேருக்கும் சேர்த்து இதற்குத் தேவைப்படுவது 1600 கிலோபைட் மட்டுமே. ஜாக்ஸ்-ஆர்எஸ் கருவியில் உள்ள ‘ஸ்ட்ரீமிங் அவுட்புட்’ இப்பணிக்கு உதவும். உள்ளீட்டு ஓடையையே மறுமொழியில் வைத்தும் அனுப்பலாம். அவ்வாறு வைக்கும்போது, செயற்கூறு முடியும் முன்பே ஓடையை மூடிவிடக் கூடாது. மூடிவிட்டால், அனுப்பும் நேரத்தில் படிப்பதற்கு ஒன்றும் இராது.

கோப்பின் அளவு முன்னரே தெரியுமானால், அதனை ‘உள்ளடக்க நீளம்’ என்னும் தலைப்பு வரியில் எழுதவேண்டும். இறக்கம் எத்தனை விழுக்காடு முடிந்துள்ளது என்பதைப் பயனர் இதனால் அறிகிறார். நடுவில் இணைப்பு அறுந்தால், கோப்பு முழுமையாக வரவில்லை என்பதை உலாவியும் இதனாலேயே உணர்கிறது. பாதி வந்த காணொலியின் எஞ்சிய பகுதியை மட்டும் உலாவி கேட்பதும் உண்டு. அதனை ஏற்கும் சேவை, ‘பகுதி உள்ளடக்கம்’ எனப் பொருள்படும் 206 என்னும் எண்ணுடன் மறுமொழி தரும்.

காட்டுவதா? சேமிப்பதா?

ஒளிப்படத்தைப் பக்கத்திலேயே காட்டவேண்டும். சான்றிதழைச் சேமிக்கத் தரவேண்டும். இவ்வேறுபாட்டை உணர்த்துவது ‘உள்ளடக்க அமைவு’ என்னும் தலைப்பு வரி. அதில் ‘இன்லைன்’ என்று இருந்தால் உலாவி கோப்பைக் காட்ட முயலும். ‘அட்டாச்மென்ட்’ என்று இருந்தால் சேமிக்கும். சேமிக்கவேண்டிய கோப்பின் பெயரையும் இவ்வரியிலேயே தரலாம்.

இவ்விடத்தில் தமிழ்ப் பெயர்கள் இடர்ப்படுவதுண்டு. தலைப்பு வரிகள் நெடுங்காலமாக உரோமன் எழுத்துகளையே எதிர்பார்த்தன. ‘தமிழ்’ என்னும் கோப்புப் பெயரை அவ்வாறே எழுதினால், பெறுபவருக்கு அது கேள்விக்குறிகளாகச் சென்று சேரலாம். இதற்கான வழி விதிமுறையிலேயே உள்ளது. 2011இல் வெளியான விதிமுறை, பெயரை இருமுறை தர இடமளிக்கிறது. ‘ஃபைல்நேம்’ என்னும் பகுதியில் உரோமன் எழுத்துகளால் ஆன எளிய பெயரைத் தரவேண்டும். நட்சத்திரக் குறியுடன் கூடிய ‘ஃபைல்நேம்’ பகுதியில் யூடிஎஃப்-8 குறியாக்கத்தைக் குறிப்பிட்டு, தமிழ்ப் பெயரைத் தரவேண்டும். அப்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் கூடிய இரு பதினறும எண்களாக எழுதப்படும்.

‘தமிழ்’ என்னும் சொல்லை ஒருங்குறி ஐந்து குறியெண்களாகக் கொள்கிறது. ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் ஆதலின் மொத்தம் 15 பைட்டுகள்; விழுக்காட்டு வடிவில் 45 எழுத்துகள். ஜாவாவின் முகவரிக் குறியாக்கியைக் கொண்டு இதனைச் செய்வோர், அது இடைவெளியைக் கூட்டல் குறியாக மாற்றுவதை நினைவிற்கொண்டு அதனைத் திருத்தவேண்டும்.

வகுப்பின் பெயர்ப்பட்டியலிலும் இத்தகைய இடர் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் எழுதப்பட்ட பட்டியலை எக்செலில் நேரடியாகத் திறந்தால், தமிழ்ப் பெயர்கள் சிதைந்து தோன்றக்கூடும். கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்னும் மூன்று பைட்டுகளைச் சேர்த்தால், அது யூடிஎஃப்-8 என்பதை எக்செல் அறிந்துகொள்ளும். ஒருவரின் பெயர் பிழையின்றித் தோன்றுதல் அவருக்குரிய மதிப்பாகும். அதற்கு மூன்று பைட்டுகளே போதும் என்னும்போது, அவற்றைச் சேர்க்க மறப்பது தகாது.

இல்லாததை இல்லை எனல்

கேட்ட படம் இல்லாவிடில் சேவை என்ன செய்யவேண்டும்? ‘கண்டறியப்படவில்லை’ எனப் பொருள்படும் 404 என்னும் எண்ணைத் தரவேண்டும். உரிமையற்றவர் கேட்டால் 403 தரவேண்டும். ‘வெற்றி’ எனப் பொருள்படும் 200 என்னும் எண்ணையும் பிடிஎஃப் என்னும் வகையையும் தந்துவிட்டு, உள்ளே பிழைச் செய்தியை எழுதி அனுப்பும் சேவைகளும் உள்ளன. பயனர் அதனைச் சான்றிதழ் என நம்பிச் சேமித்துக்கொள்வார். திறக்க வேண்டிய நாளில்தான் அது சான்றிதழ் அன்று என்பது தெரியவரும்.

ஓடை முறையில் மேலும் ஓர் எச்சரிக்கை தேவை. தலைப்பு வரிகள் கோப்புக்கு முன்னரே சென்றுவிடும். 200 என்று சொல்லி அனுப்பத் தொடங்கியபின் பிழை நேர்ந்தால், சொன்னதை மாற்ற இயலாது. ஆகையால் கோப்பு உள்ளதா, படிக்க இயலுமா, கேட்பவருக்கு உரிமை உண்டா என்பவற்றை முதல் பைட்டை அனுப்புவதற்கு முன்பே சோதித்தல் வேண்டும்.

காப்பும் கடமையும்

கோப்பைத் தரும் சேவை, தரக்கூடாததைத் தராமலும் இருக்கவேண்டும். பயனர் அனுப்பும் பெயரை அப்படியே கோப்பின் இருப்பிடமாகக் கொள்ளுதல் இடர் விளைக்கும். இரு புள்ளிகளையும் சாய்கோட்டையும் சேர்த்து எழுதினால், அது மேலுள்ள கோப்புறையைக் குறிக்கும். இதனைக் கொண்டு சேவையகத்தின் மறைவான கோப்புகளை ஒருவர் கேட்க இயலும். எனவே, பெயரை வாங்காமல் பதிவெண்ணை வாங்கி, இருப்பிடத்தைச் சேவையே தீர்மானித்தல் வேண்டும். பதிவெண் மட்டும் இருந்தாலும் போதாது. 101ஆம் மாணவர் தம் முகவரியில் உள்ள எண்ணை 102 என மாற்றினால், அடுத்தவரின் சான்றிதழ் வந்துவிடக்கூடாது. ஒவ்வொரு கோரிக்கையிலும் உரிமையைச் சரிபார்ப்பதே இதற்குரிய காப்பாகும்.

படம் போலத் தோன்றும் கோப்புகளிலும் விழிப்புத் தேவை. எஸ்விஜி படத்திற்குள் நிரலையும் எழுதி வைக்க இயலும். அறிவித்த வகையை விட்டுவிட்டு உலாவி தானே வகையை ஊகிக்க முற்பட்டால், படம் என்று ஏற்றப்பட்ட கோப்பு நிரலாக இயங்கவும் வாய்ப்புண்டு. ‘ஊகிக்கவேண்டா’ என ஆணையிடும் ‘நோஸ்னிஃப்’ என்னும் தலைப்பு வரி இதனைத் தடுக்க உதவும். சேவையகம் வகையைச் சரியாகச் சொல்லும்போதுதான் இவ்வாணை பயன்தரும் என்பதை மறத்தலாகாது.

கைப்பேசியில் எடுத்த ஒளிப்படத்தினுள், அது எடுக்கப்பட்ட இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கக்கூடும். வீட்டில் எடுத்த படத்தை அப்படியே பிறருக்குத் தரும் சேவை, அம்மாணவரின் வீடு இருக்கும் இடத்தையும் தந்துவிடுகிறது. படத்தைப் பெறும்போதே அக்குறிப்புகளை நீக்கவேண்டும். ஜாவாவின் ‘இமேஜ் ஐஓ’ கருவியால் படித்து மீண்டும் எழுதினால் அவை நீங்கிவிடும். ஆனால், படம் எப்பக்கம் நிமிர்ந்திருக்கவேண்டும் என்னும் குறிப்பும் உடன் நீங்குவதால், சில படங்கள் பக்கவாட்டில் சாய்ந்து தோன்றும். அதனை முன்னரே படித்து, படத்தைத் திருப்பிய பின் எழுதவேண்டும். ஜேபெக் படத்தை எழுதும் ஒவ்வொரு முறையும் அதன் தெளிவு சிறிது குறையும். ஆதலின், இப்பணியைப் பெறும்போது ஒரு முறை மட்டும் செய்துவிட்டு, தரும்போதெல்லாம் சேமித்த பைட்டுகளையே மாற்றமின்றித் தரவேண்டும்.

நிறைவாக

தூதுரைப்போர் தாம் சுமந்த செய்தியைக் கூட்டாமலும் குறைக்காமலும் உரைத்தல் வேண்டும் என்பது நம் மரபு. வள்ளுவர் தூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். இணையச் சேவையும் ஒரு தூதே ஆகும். அது பைட்டுகளை மாற்றாமல் தரவேண்டும். அவற்றின் வகை, நீளம், பெயர் ஆகியவற்றை உள்ளவாறு சொல்லவேண்டும். இல்லாததை இல்லை எனவும் உரிமையற்றவர்க்கு இயலாது எனவும் கூறவேண்டும்.

நிரல் எழுதுபவர் தம் சேவையைப் பயன்படுத்துவோரை நேரில் காண்பதில்லை. எனினும், அவர் எழுதும் ஒவ்வொரு தலைப்பு வரியின் மறுமுனையிலும் ஒரு மனிதர் காத்திருக்கிறார். கடைசி நாளில் பேருந்தேறி வந்த அந்த மாணவியை மனத்திற்கொண்டு நிரலை எழுதினால், அவர் தம் சான்றிதழை முதல் அழுத்தத்திலேயே பெற்று, மாலைப் பேருந்தில் ஊர் திரும்புவார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பெயரை ஒருங்குறிக் குறியெண்களாகப் பிரித்து, யூடிஎஃப்-8 முறையில் அஃது எத்தனை பைட்டுகள் ஆகும் எனக் கணக்கிடுக.
2. பள்ளிக் கணினி ஆய்வகத்தில், ஒரு படக்கோப்பின் பின்னொட்டை மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். நிகழ்ந்ததை விளக்கி ஒரு பத்தி எழுதுக.
3. 600 கிலோபைட் அளவுள்ள படத்தைப் பேஸ்64 குறியாக்கத்திற்கு மாற்றினால் அதன் அளவு என்னவாகும்? காரணத்துடன் எழுதுக.
4. ‘தெரியாததைத் தெரியாது எனல்’ மனிதர்க்கும் கணினிக்கும் பொதுவான பண்பு என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.
5. உங்கள் பள்ளிக்கென இணையச் சேவை ஒன்றை அமைப்பதாயின், அது தரவேண்டிய கோப்புகள், அவற்றின் ஊடக வகைகள், அவற்றைப் பெற உரிமையுடையோர் ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக.